பதினெட்டாவது கிரீனில் தண்ணீர்

கோல்ஃப் மைதானத்தைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வது எப்படி என்று யாராவது கேட்டால், புல்லைத் தொடாமல் இருக்கப் பழகுவது என்றுதான் சொல்வேன். லண்டனில் சட்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிளப்பில் வருடக்கணக்காக அதைத்தான் செய்கிறேன். ஒக்டோபரில் புல்லில் துளை போட்டு மணல் பரப்புவோம். நவம்பர் முழுக்க மெஷினால் இலை ஊதுவோம். கடைசியாக, நிலத்துக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய்களுக்குள் காற்றடித்து வெறுமையாக்குவோம். கொஞ்சம் தண்ணீர் மிஞ்சினாலும் உறைந்து குழாய் வெடிக்கும். அதன் பிறகு மார்ச் வரை தண்ணீர் திறக்கிற வால்வில் எவனும் கை வைக்கக்கூடாது.

2009இல் அந்த வேலைக்கு அம்பலவாணனைக் கூட்டிவந்தது நான்தான். விசுவமடுவில் வெங்காயம் செய்தவர். குனிந்தால் நிமிர மறக்கிற உழைப்பாளி, பேச்சு மட்டும் வராது. மனைவி கனகாம்பிகையும் மகளும் வவுனியாவில் முகாமில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட, வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் வேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். எங்கள் மேலாளர் கெவின், வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றிருந்தார்.

புதன்கிழமை காலை இந்த மனுசன் பார்த்த வேலையைக் கேளுங்கள்.

நான் ஏழரைக்குப் போனேன். மைதானம் முழுக்க உறைபனி, வெள்ளை வெளேரென்று. கிளப் ஜன்னலுக்கு நேர் கீழே பதினெட்டாவது கிரீன். கடைசிக் குழி இருக்கிற, கம்பளம் மாதிரி நாங்கள் வளர்க்கிற புல்தரை அது. அதன் நடுவில் அம்பலவாணன் குழாயும் கையுமாக நின்று தண்ணீர் அடிக்கிறார்!

"ஐயோ, என்ன செய்யிறீர்? மூளை கழண்டு போச்சோ உமக்கு?"

"பனி கொட்டியிருக்கெல்லோ அண்ணை. வெயில் ஏற முந்திக் கழுவாட்டி நுனி கருகிப்போம்."

"அட, இது வெங்காயமில்லையப்பா!"

நான் சொல்லி முடிக்கவில்லை, அடித்த தண்ணீர் கண்ணெதிரே கண்ணாடியாக இறுகிவிட்டது. அவர் மிதித்த இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் காலடித் தடம். உறைந்த புல்லை மிதித்தால் செத்துவிடும். போதாக்குறைக்கு, காற்றடித்து வைத்த குழாயிலும் திரும்பத் தண்ணீர். கண்டபடி ஏசினேன். அவர் குழாயைக் கீழே வைத்தார்.

"அண்ணை, கடிதம்..." என்றார்.

அந்தச் சொல்லோடு என் கோபமெல்லாம் போய்விட்டது. பயம்தான் மிஞ்சியது. ஓடிப்போய் வால்வை மூடிவிட்டு, காற்றடிக்கிற மெஷினை இழுத்துவந்து குழாயைத் திரும்ப வெறுமையாக்கினோம். முடிகிற நேரத்தில் கெவின் வந்துவிட்டார். வால்வைச் சோதிக்க நான்தான் திறந்தேன் என்று ஆங்கிலத்தில் ஒரு பொய் சொன்னேன்.

கெவின் கிரீனைப் பார்த்தார். அதன் நடுவில் ஒரே ஆளின் தடம். என்னுடையது வழக்கம்போல ஓரத்தால் சுற்றிப் போயிருந்தது. கோபத்திலும் என் கால் புல்லை மிதிக்கவில்லை, பாழாய்ப்போன பழக்கம்!

"கிருஷ், பதினொரு வருடத்தில் உறைபனியில் நீ ஒருநாளும் மிதித்ததில்லை" என்றார்.

அம்பலவாணன் முன்னுக்கு வந்தார். "மீ. நொட் கிருஷ்ணராசா அண்ணை" என்றார். ஏன் அப்படிச் செய்தாய் என்று கெவின் கேட்டார். ஊரில் வெங்காயத் தாளில் படிகிற பனியை வெயிலுக்கு முன் தண்ணீரடித்துக் கழுவுகிற கதையை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கேட்ட கெவின் கிரீனைச் சுற்றிக் கயிறு கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அம்பலவாணன் இரண்டு நாள் சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை. நானும் வீட்டில் சிடுசிடுத்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. வேலை நிரந்தரம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. கூடவே கெவின் ஒரு மஞ்சள் காகிதத் துண்டும் ஒட்டியிருந்தார். உறைபனி நாட்களில் ஒன்பது மணிக்கு முன் இந்த ஆள் வேலைக்கு வரக்கூடாதாம்.

அம்பலவாணன் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். கத்திக்கொண்டே வாசித்தேன். பிறகு தேநீர் நேரத்தில் முகாமிலிருந்த ஒருவரின் போனுக்கு எடுத்தார். நானும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். கடிதம் கிடைத்த செய்தியைச் சொன்னதும் கனகாம்பிகை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"ஏனப்பா, அங்கை சரியான பனியாமே? விடிய எழும்பிப் புல்லுக்குத் தண்ணி அடிக்கிறனீங்களோ? இல்லாட்டிக் கருகிப்போம்."

அம்பலவாணன் என்னைப் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. மேசையிலிருந்து போனைத் தூக்கினேன்.

"தங்கச்சி, நான் கிருஷ்ணராசா அண்ணை கதைக்கிறன். நீர் இஞ்சை வந்தாப்பிறகு பனிக்குள்ளை பைப்பிலை கை வைச்சீரெண்டால், பிறகு தெரியும்!"

 

"வந்தாப்பிறகோ அண்ணை?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. வந்தாப்பிறகு."

போனை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் இலை ஊதுகிற மெஷினைப் போட்டேன். அந்த வருடத்து இலையை எல்லாம் எப்போதோ அள்ளி முடித்திருந்தோம். நான் அழுவது உள்ளே கேட்கக்கூடாது, அதற்காகத்தான்.