கத்தி நுனியில் ஒரு துண்டு

நான் இஸ்தான்புல்லுக்கு வேலைக்கு வந்து ஆறு வருடம். இங்கே விலை வாரத்துக்கு வாரம் ஏறும், சம்பளம் அசையாது. சாப்பாட்டுச் செலவைக் குறைக்க சீஸ் வாங்குவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் செவ்வாய்ச் சந்தையில் ஷாபானின் சீஸ் கடையைத் தாண்டிப் போகக் கால் வராது. வாங்க வருகிறவர்களுக்கு அவன் கத்தி நுனியில் ஒரு துண்டு சீஸ் ருசி பார்க்கக் கொடுப்பான். என் ஊரான ஜார்ஜியாவில் அம்மா செய்கிற சுல்குனி சீஸ் போலவே அது பல்லில் கீச்சிடும். கண்ணை மூடி மென்று முடித்து, "உப்பு ஜாஸ்திப்பா" என்று நழுவிவிடுவேன்.

நேற்றும் கையை நீட்டினேன்.

"எட்டு மாசமா உப்புன்னு சொல்றீங்க. ஆனா ஒரு வாரம்கூடத் தவறலையேக்கா!" என்று சிரித்தான் ஷாபான்.

எனக்குச் சுருக்கென்றது. "யாருக்கு வேணும் உன் ஓசித் துண்டு? கால் கிலோ போடு!" என்று, காய்கறிக்கு வைத்திருந்த காசு முழுவதையும் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தின்றுகொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள்.

"என்னடி நாதேலா, வாயில என்ன?"

"சுல்குனிம்மா. இங்கேயே கிடைக்குது."

"அப்படியா? நல்லதாப் போச்சு," என்றாள். "அப்புறம் நீ எதுக்கு இங்க வரப்போற!"

"ஐயோ, ஒரே உப்பும்மா," என்றேன். "வாயில வைக்க முடியல."