மஞ்சள் கோட்டில் நின்ற மைவி

முதலில் வந்த சிவப்பு லோரியில் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் மகதலேனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கம்போங் மேடானில் அவர்கள் குடியிருந்த பிளாட்டின் எட்டாவது மாடியில் தீ. அதற்கு நேர் மேலே, ஒன்பதாவது மாடியில், சக்கர நாற்காலியில் அவள் கணவர் செபாஸ்டியன். ஞாயிறு பூசை முடிந்து அவரை வீட்டில் விட்டுவிட்டுக் கறிவேப்பிலை வாங்க நடந்து போனவள், திரும்பி வந்து பார்த்தால் இந்தக் கோலம். தீயணைக்க வந்த பொம்பாக்காரர்கள் லோரியின் பக்கக் கதவுகளைத் தூக்கினார்கள். உள்ளே கயிறு, கடப்பாரை, பெரிய இரும்புக் கத்தரி.

“தண்ணி எங்க தம்பி? இத வெச்சு என்னா செய்வீங்க?”

“இது ரெஸ்கியூ லோரி ஆன்டி. வெட்டுற சாமான்தான் இருக்கும். தண்ணி லோரி பின்னால வருது. ஏணி லோரி வேற லா,” என்றான் சட்டையில் பிரவின் என்று பெயர் தைத்திருந்தவன்.

“மூணா பிரிச்சு அனுப்புறதுக்கு இது என்ன கல்யாணச் சாப்பாடா?” என்று கத்தினாள். சிவப்பு என்றால் பொம்பா, பொம்பா என்றால் தண்ணீர். ஐம்பத்தெட்டு வயது வரை அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டாவது லோரி வயிறு முட்டத் தண்ணீரோடு வந்தது. ஏணி இல்லை. குழாயோடு படியேறியவர்கள், புகையில் நாற்காலிக்காரரை இறக்க முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது, முதுகில் ஏணியோடு வந்து, கட்டடத்தை நெருங்க முடியாமல் நின்றுவிட்டது. அதற்கென்று மஞ்சள் கோடு போட்ட இடத்தில் ஒரு மைவி.

எவன் கார் என்று அவளும் எரிச்சலோடு எட்டிப் பார்த்தாள். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. அவளுடைய கார்தான். லிஃப்ட்டுக்குப் பக்கம், நாற்காலியைத் தள்ள வசதி என்று ஞாயிறுதோறும் அங்கேதான் நிறுத்துவாள். காவலாளியும் பாவம் பார்த்து விட்டுவிடுவார். சாவி மேலே, நாற்காலிப் பையில்.

“கண்ணாடிய ஒடைங்க தம்பி.”

“ஒடைக்கலாம் ஆன்டி. ஸ்டீரிங் லாக் போட்டிருக்கே, எப்படித் திருப்புறது?”

திருடனுக்குப் பயந்து, கடையிலேயே தடியான பூட்டாகப் பார்த்து அவள்தான் வாங்கினாள். அப்போது கைப்பேசி அடித்தது.

“லேனா,” என்று இருமினார் செபாஸ்டியன். “மூணு லோரி தெரியுது. எது எனக்கு?”

பிரவின் முதல் லோரிக்கு ஓடி அந்த இரும்புக் கத்தரியைத் தூக்கிவந்தான். கண்ணாடி உடைந்தது. பூட்டு இரண்டாகத் துண்டானது. ஆறு பேர் காரைத் தள்ளினார்கள்.

“இருங்க, வருது,” என்றாள். மறுமுனையில் இருமல்கூடக் கேட்கவில்லை.

ஏணி மெல்ல நீண்டது. மேலே எல்லா ஜன்னல்களும் ஒரே மாதிரி கறுத்திருந்தன. தன் வீட்டு ஜன்னல் எது என்று கீழிருந்து எண்ணினாள். ஐந்தாவதில் தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.