அரிசிக் கட்டம்

ஆங்கிலத்தில் எண்ணக்கூடியதென்றால் மெனி, எண்ண முடியாததென்றால் மச். ரியூஷன் வகுப்பில் இதில் நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடிவந்து புதுக்குடியிருப்பில் கொட்டில் போட்டிருந்த நேரம், நிவாரண அலுவலகத்தில் ஆங்கிலப் படிவம் நிரப்ப ஆள் தேடினார்கள். அந்த மண்டைக்கனத்தோடுதான் போய் நின்றேன்.

ஹவ் மெனி பிள்ளைகள்? ஹவ் மெனி படுக்கைப் பாய்? ஹவ் மச் அரிசி? ஒரே நாளில் இருபத்தேழு கொட்டில்களை முடித்தேன். அரிசிக் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் இருப்பதாகவே சொன்னார்கள். நானும் 'எ லிட்டில்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். மறுநாள் வரும் லொறியில் அரிசி இல்லாதவர்களுக்கு மட்டுந்தான் பங்கு. மற்றவர்களுக்கு அடுத்த மாதம். என்னுடைய இருபத்தேழில் ஒரு பெயர்கூட இல்லை.

சைக்கிளில் முதல் கொட்டிலுக்கே பறந்தேன். மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் கூலிவேலை செய்த சுப்பம்மாக்காவின் கொட்டில் அது. பானை கவிழ்ந்து கிடந்தது.

"பின்னை ஏனக்கா கொஞ்சம் இருக்கெண்டு சொன்னனீங்கள்?" கோபத்தில் கத்தியேவிட்டேன்.

"வீட்டுல அரிசி இல்லேன்னு வாயால சொல்லலாமா புள்ள?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் அம்மாவும் 'அரிசி வாங்கோணும்' என்பாவே தவிர, இல்லை என்ற சொல் அவவின் வாயில் வராது. இது எனக்குத் தெரியாததா? என் ஆங்கிலத்தை நானே மெச்சிக்கொண்டிருந்ததில் கோட்டை விட்டுவிட்டேன்.

"சரி, உலை வைச்சு எத்தினை நாள்?"

சுப்பம்மாக்கா விரல்விட்டு எண்ணினார். "மூணு, புள்ள."

அதையே புதுப் படிவத்தின் அரிசிக் கட்டத்தில் எழுதினேன். அலுவலகத்துக்கு ஓடினேன். பொறுப்பாளர் ராஜரத்தினம் வாசித்துவிட்டு, பட்டியலின் அடியில் சுப்பம்மாவின் பெயரைச் சேர்த்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"மற்ற இருபத்தாறு பேரையும் இப்பிடிக் கேட்டனீரோ?"

"இல்லை ஐயா."

"லொறி விடிய வருது, பிள்ளை."

சைக்கிளைத் திருப்பினேன். இரண்டாவது கொட்டில் இராசேஸ்வரியக்காவுடையது. என்னைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தார்.

"வாரும் தங்கச்சி, இருந்து சாப்பிட்டிட்டுப் போம்."

"அக்கா, கடைசியா எப்ப உலை வைச்சனீங்கள்?"

சிரிப்பு நின்றது. இராசேஸ்வரியக்கா விரல்களை மடக்கத் தொடங்கினார்.