கட்டுமாவடி வரைக்கும்

காரில் ஏற்றி உட்காரவைத்ததும் என் வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கி வெளியே காட்டினார். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனதிலிருந்து இதேதான். மிச்சம் இருப்பது அந்தக் கையும் 'இல்லை' என்கிற ஒரு தலையாட்டலும். தண்ணியா என்றால் இல்லை, கொல்லைக்கா என்றால் இல்லை. வெளியே, எங்கேயோ. அடைக்கலம் கண்டக்டர் என்றால் இவர்தான்; இவர் பஸ்ஸில் ஓடாத ரூட் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கிடையாது. பழைய ஊர்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நானே முடிவுகட்டி, எதிர்வீட்டு நிலவழகனின் வாடகைக் காரைப் பிடித்துவிட்டேன். காலமெல்லாம் ஊர் சுற்றிய மனிதர் என்னை ஒரு நாளும் எங்கேயும் கூட்டிப்போனதில்லை. இப்போது நான் கூட்டிப்போகிறேன்.

"மொதல்ல எங்கிட்டும்மா?" என்று வண்டியை எடுத்தான் நிலவழகன்.

"இலுப்பூருக்கு விடு தம்பி. அங்கிட்டிருந்து பாத்துக்குவோம்."

இலுப்பூர்க் கடைவீதியில் கடலை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இங்கயாங்க என்றேன். தலையை ஆட்டினார், இல்லை. தைலமரக் காடும் செம்மண்ணும் தாண்டி ஆவூர் வந்தது. பெரிய கோயிலுக்கு முன்னால் டீச்சர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். இங்கயா? இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வாய்விட்டுச் சொன்னால்தான் என்னவாம் என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக அவர் வேட்டியைச் சரிசெய்தேன்.

கிளம்பிய புதுக்கோட்டைக்கே மறுபடி வந்து, அறந்தாங்கி தாண்டி, கட்டுமாவடிக்குப் போய்ச்சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. படகுகள் கரையேறிக் கிடந்தன. கருவாடு காயவைத்திருந்த ஒரு கிழவி காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம கண்டக்டரா இது? நான் ஹவ்வா உம்மா. என் மீன்கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடாம ஒரு நாளாச்சும் விட்டிருப்பீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. இங்கதானே என்று நான் ஆசையாகக் கேட்டேன். இல்லை என்று ஆட்டினார். ஹவ்வா உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அல்லா லேசாக்கட்டும்," என்றாள். அவர் ஓடிய ரூட் அங்கே முடிகிறது, எதிரே கடல்தான். அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது எனக்கு.

திரும்பும்போது நாகுடி தாண்டியதும் அவர் நிமிர்ந்தார். இடது கை விரல்கள் விசிலைப் பிடிக்கிற மாதிரி சேர்ந்து உதட்டுக்குப் போக, ஊதினார்.

"நிறுத்து தம்பி."

ஒரு பக்கம் கண்மாய், இன்னொரு பக்கம் அறுத்த வயல். வீடு இல்லை, கடை இல்லை, ஒரு ஸ்டாப்பிங் கல்கூட இல்லை.

"இங்கயாங்க?"

தலை ஆடவே இல்லை. நிலவழகன் இறங்கிவந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தான். அவர் மறுபடியும் ஊதினார். கண்டக்டர் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? ஒரு விசில் என்றால் நிற்கணும், ரெண்டு என்றால் போகணும். ஆனால் சத்தம் வந்தால்தானே எண்ணுவதற்கு. வெறும் காற்றுதான் வந்தது, கடைவாயில் எச்சிலோடு.

"எறங்குறாங்களாம்மா, போகலாமா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். சூடாக மூச்சு பட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாகக் கண்மாய்க் காற்று வந்துகொண்டே இருந்தது.