ஷங்காயில ஆர் இருக்கினம்?

அவுஸ்திரேலியாவில், பெண்டில்ஹில் தமிழ்க்கடையில் வெண்டிக்காயை நுனி முறித்துப் பார்த்துக்கொண்டு நின்ற பவளத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அன்றைக்கு மூன்றாவது ஆள்.

"ஷங்காய்க்கோ போறியள்? அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை" என்றாள் பவளம்.

"அப்ப கலியாணம் ஏதும்?"

"இல்லை. சும்மா ஊர் பாக்க."

கேட்டவருடைய முகம் மாறிவிட்டது. கிட்ட வந்து குரலைத் தாழ்த்தி, "நித்தி அண்ணைக்கு ஏதும் வருத்தமோ? சீன வைத்தியம் நல்லதாம் எண்டு சொல்லுகினம்" என்றார். பவளம் வெண்டிக்காயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த மனுசியைக் குறை சொல்லி வேலையில்லை. எங்கட ஆக்கள் பிளேன் ஏறுவது கலியாணத்துக்கு, பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு, தப்பினால் செத்தவீட்டுக்கு. இறங்கிற இடத்தில் ஒரு மச்சானோ பெறாமகனோ காரோடு நிற்கவேண்டும். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டல் எடுத்தால் அது கோபம். சொந்தக்காரரே இல்லாத ஊருக்கு ரிக்கற் எடுத்தால் அது விசர். இதுதான் சட்டம், ஒருத்தரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் தமிழ்ச் சனம் இருக்கிற கிரவீனில் இருந்து ஹோம்புஷ் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

பவளம் வெளிநாடு பார்க்காத ஆள் என்று நினைக்கவேண்டாம். ரொறொன்ரோவுக்குப் போனவள், கணவரின் அக்கா இரஞ்சிதத்தின் மகள் கலியாணத்துக்கு. நயாகரா பார்க்கவென்று வைத்திருந்த நாளில் தாலிக்குப் பொன்னுருக்கு வந்து விழுந்தது. பவளம் நூற்றைம்பது பேருக்குப் பயத்தம் பணியாரம் சுட்டாள். லண்டனுக்குப் போனது பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு. அங்கே கண்டது ஒரு வீட்டுக் குசினியும் பின்வளவில் நின்ற மூன்று குப்பைவாளியும். பாரிஸில் சாமத்தியவீடு. அந்தப் பெரிய கோபுரத்தை மண்டபத்துக்குப் போகிற வழியில் கார்க் கண்ணாடிக்குள்ளால் கண்டாள், சிக்னல் பச்சையாகும் மட்டும். அப்போதும் மடியில் இரண்டு தட்டு லட்டு இருந்தது.

ஷங்காய் வந்த கதை வேறு. பவளம் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் பத்தொன்பது வருசமாக வேலை. பக்கத்தில் நின்று கரட் வெட்டுகிற லீ, ஷங்காய்க்காரி, ஒருநாள் போனில் தன் அக்காவின் படத்தைக் காட்டினாள். ஒரு பெரிய ஆறு, அக்கரையில் வானம் முட்டக் கட்டடங்கள், இக்கரையில் ஆள் இருக்க ஒரு வாங்கு. வாங்கில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனுசி கடதாசிப் பையில் எதையோ வைத்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா அங்க என்ன செய்யிறா?" என்று பவளம் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டாள்.

"ஒண்டும் செய்யேல்லை. இருக்கிறா" என்றாள் லீ.

அது பவளத்தின் மனதில் ஏறிக் குந்திவிட்டது. நவம்பரில் தனக்கும் அறுபது முடியப்போகிறது. அதற்குள் ஒருநாள், ஒரே ஒருநாள், யாருக்கும் தேத்தண்ணி ஊற்றாமல், ஒருத்தருக்கும் மாமியோ அன்ரியோ மச்சாளோ இல்லாமல், அந்த வாங்கில் போய் இருக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம். மெல்பேணில் இருக்கிற மகள் நிரூபாதான் ரிக்கற்றும் ஹோட்டலும் போட்டுக் கொடுத்தாள். "அவுஸ்திரேலியன் பாஸ்போட்டுக்கு விசாவும் தேவையில்லை அம்மா. ஜஸ்ட் கோ" என்றாள்.

ஜஸ்ட் கோ என்று சொல்லச் சுகம். புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது, பவளத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் ஏழு நாளுக்கும் திட்டம் எழுதினாள். முதல்நாள் ஆற்றங்கரை. இரண்டாம்நாள் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிற பழைய தோட்டம். மூன்றாம்நாள் ஆற்றைக் கடக்கிற படகு. எழுதியதை வெட்டினாள், முதல்நாளை நாலாம்நாளுக்கு மாற்றினாள், திரும்ப முதல்நாளுக்கே கொண்டுவந்தாள். அங்கே காசெல்லாம் போன் மூலம்தான் கொடுக்கவேண்டுமாம் என்று அதற்கான அப்பைப் போட்டாள். அது அவளுடைய முகத்தை மூன்றுதரம் படம் பிடித்து மூன்றுதரமும் ஏற்கவில்லை. சோறு அவியும் நேரத்தில் "வோ பு ச்சி ரோ" என்று சொல்லிப் பழகினாள். இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம், லீ சொல்லிக் கொடுத்தது. பாஸ்போட் இரண்டும் அலுமாரியில் இருக்கிறதா என்று விடியவும் பார்த்தாள், மத்தியானமும் பார்த்தாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ரொறொன்ரோவில் இருந்து வருகிற போன். இரு பக்கத்துச் சொந்தத்திலும் எண்பது தாண்டியவர்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தர் கண்ணை மூடினால் போதும், ஷங்காய் போன மாதிரித்தான். ஒருத்தரும் சாகக்கூடாது என்று கும்பிடுவதில் பிழையில்லை. ஆனால் திரும்பி வருகிற இருபத்திநாலாம் திகதி வரைக்கும் என்று கும்பிட்டது அவளுக்கே கொஞ்சம் உறுத்தியது.

கணவர் நித்தியானந்தன் கூட வரத் தடை சொல்லவில்லை. அறுபத்திநாலு வயது, சாமான் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்து ஓய்ந்த மனிதர், மனைவி சொல்லுக்கு மறுசொல் சொல்லிப் பழக்கமில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"இறங்கினா ஆர் வருவினம்?"

"ஏன் வரவேணும்? ரெயின் இருக்கு. எட்டு நிமிசத்தில பறக்குமாம்."

"ம்" என்பார். தேத்தண்ணியைக் குடிப்பார். பத்து நிமிசம் கழித்து, "அந்த ரெயினடியிலயாவது ஆரும் நிப்பினமோ?" என்பார்.

சனிக்கிழமை காலை அவர் பின்வளவில் இருந்து போனோடு வந்தார். ஒரு கிழமையாகக் காணாத சிரிப்பு முகத்தில் நின்றது.

"இஞ்சை பாரும், எல்லாம் வெற்றி. ஷங்காயில ஆள் இருக்கு."

பவளம் கொப்பியை மூடினாள். "என்ன ஆள்?"

"எங்கட கிரிஜா. அக்கான்ர மருமகன்ர தங்கச்சி. புருசன் விவேக் அங்க எஞ்சினியராம். அக்காதான் பிடிச்சுத் தந்தவ. எயாப்போட்டுக்கே வருவினம். வீட்டில நிக்கச் சொல்லி ஒரே கரைச்சல். நான் ஹோட்டலைக் கான்சல் பண்ணிப்போட்டன்."

பவளம் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வாய் எடுக்கமுதல் போன் அடித்தது. வீடியோ. திரையில் ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தை.

"அன்ரி, கடவுள் அனுப்பின மாதிரி வாறியள்" என்றாள் கிரிஜா. "இருபதாம் திகதி இவனுக்கு முதலாவது பிறந்தநாள். அறுபது பேர். இஞ்ச ஒருத்தருக்கும் கிழங்கு வைச்சு ரோல்ஸ் சுத்தத் தெரியாது. உங்கட கை எண்டால் தனி எண்டு இரஞ்சிதம் மாமி சொன்னவ. மிளகாய்த்தூள் மட்டும் கொண்டு வாங்கோ. பேபின்ர அறையில படுக்கலாம். விவேக்குக்கு லீவில்லை, ஒருநாள் நான் உங்களை மோலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். சரியே அன்ரி?"

"ஓம் பிள்ளை" என்றாள் பவளம்.

அதுதான் கொடுமை. ஒருத்தரும் அவளை வற்புறுத்தவில்லை. வாய் தன்பாட்டில் ஓம் என்றது. முப்பது வருசமாக அந்த வாய்க்கு வேறு ஒன்றும் பழக்கமில்லை.

செருப்பைக் கொழுவிக்கொண்டு வெளியே போனாள். நடந்தாள். பெண்டில்ஹில் ஸ்ரேஷனில் ஒரு வாங்கில் இருந்தாள். மூன்று ரெயின் வந்து மூன்றும் போனது. அறுபது பேர் என்றால் ஆளுக்கு ஒன்றோடு நிற்காது, நூற்றிருபது ரோல்ஸ். உருளைக்கிழங்கு அவிக்கவே ஒரு பகல் போகும். அதற்கு அடுத்தநாள் ஏனம் கழுவல். கிரிஜாவின் மாமியாருக்குப் போனில் சுகம் விசாரிப்பு. கணக்குப் பார்க்கப் பார்க்க ஏழு நாளும் கரைந்து போயிற்று. தன்மேல்தான் அவளுக்குக் கூட ஆத்திரம் வந்தது.

திரும்பி வந்தபோது நித்தியானந்தன் சூட்கேசுக்குள் மிளகாய்த்தூள் பக்கற்றுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் போகேல்லை" என்றாள் பவளம். "நீங்கள் போய் ரோல்ஸ் சுத்துங்கோ."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"பகிடி இல்லையப்பா. இந்த உலகத்தில எனக்குக் குசினி இல்லாத ஒரு ஊர் வேணுமெண்டு கேட்டனான். ஒரு ஊர். அதையும் தேடிப் பிடிச்சு அதுக்குள்ள ஒரு குசினியைக் கட்டிப்போட்டியள். எனக்கு நெஞ்சு எரியுது. முப்பது வருசத்தில உங்களிட்டை இப்பிடிக் கதைச்சிருக்கிறனே?"

நித்தியானந்தன் கையில் இருந்த பக்கற்றைச் சூட்கேசுக்குள் வைக்கவில்லை. பிறகு, "பாங்கொக்கில நான் பன் திண்ட கதை தெரியும்தானே" என்றார்.

தெரியாதவர் யார்? எந்தக் கொண்டாட்டத்திலும் அவர் எடுத்துவிடுகிற கதை. தொண்ணூறாம் ஆண்டு, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பாங்கொக் எயாப்போட்டில் விட்டுவிட்டுப் போக, காசு காணாமல் ஒரே பன்னை நாலாகப் பிய்த்துத் தின்ற கதை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"அது ரெண்டு நாள், பவளம். அதை நான் சொல்லுறேல்லை. ஆள் வரும், இந்தக் கதவடியில நில் எண்டு சொன்னவன். ஒவ்வொருக்கா கதவு திறக்கேக்கையும் எழும்பி நிண்டன். ரெண்டு நாளும் எழும்பி எழும்பி இருந்தன். ஒருத்தரும் வரேல்லை. எனக்கு இப்பவும் இறங்கின உடன ஒருத்தன் என்னைத் தெரிஞ்சுகொண்டு நிக்கவேணும்." பக்கற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊர் பாக்கிறது எனக்கும் விருப்பம்தான். அந்தக் கதவைத் தாண்டுறதுதான் பயம்."

பவளத்துக்குக் கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தோடு அவளால் நிற்கமுடியவில்லை. கதிரையை இழுத்து அவரை இருத்தினாள்.

"இதை நீங்கள் முதலே சொல்லியிருந்தா, நான் ஒரு நிமிசத்தில முடிச்சிருப்பன்" என்றாள்.

ஐபாட்டை எடுத்து அதே ஹோட்டலைத் திறந்தாள். நல்லகாலம், அறை இருந்தது. கீழே ஒரு பெட்டி. எயாப்போட்டில் இருந்து கூட்டிக்கொண்டு வர ஆள் தேவையா என்று கேட்டது. அதைத் தொட்டாள். பெயர் எழுதின மட்டையோடு ஒருவர் வாசலில் நிற்பார் என்று வந்தது. ஐபாட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"உந்த மட்டையில என்ன பேர் எழுதவேணுமெண்டு நீங்களே அடியுங்கோ."

ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை அடித்தார். கீழே அவளுடையதையும் அடித்தார். அடித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கிரிஜாவுக்கு என்ன சொல்லுறது?" என்றார் பிறகு. "செத்தவீட்டுத் துடக்கு எண்டு சொல்லுவமே? துடக்கெண்டால் பிறந்தநாள் வீட்டுக்கு ஆரும் கூப்பிடமாட்டினம். கோபமும் வராது."

நல்ல யோசனைதான். சும்மா சொல்லக்கூடாது, மனுசனுக்கு மூளை இருக்கு.

"ஆரைக் கொல்லப் போறியள்?" என்றாள் பவளம்.

இருவரும் யோசித்தார்கள். தொண்ணூற்றிரண்டு வயதுச் சின்னமாமி இருந்தார். அவர் நவம்பரில் வருகிற பவளத்தின் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முந்தியே, போன கிழமை, போனில் வாழ்த்துச் சொன்னவர். ஒவ்வொருவராக எடுத்து ஒவ்வொருவராக விட்டார்கள். பதினொரு பேரிலும் ஒருத்தரைக்கூடச் சாகடிக்க மனம் வரவில்லை.

பவளமே போனை எடுத்தாள்.

"பிள்ளை கிரிஜா, நான் முதல் ஓம் எண்டு சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளம்மா. நாங்கள் ஹோட்டலிலதான் நிக்கப்போறம். ரோல்ஸ் சுத்த வரேல்லை. நான் ஊர் பாக்க வாறன். குழந்தைக்குச் சாமான் வாங்கி அனுப்பிவிடுறன்."

"ஏன் அன்ரி, எங்கட வீடு உங்களுக்குக் காணாதோ?"

"வீடு நல்ல வீடு. நான்தான் ஆருடைய வீட்டிலயும் நிக்க விருப்பமில்லாமல் வாறன்."

"சரி அன்ரி" என்று ஒரு வறண்ட குரல் வந்தது, கிரிஜா வைத்துவிட்டாள். பவளம் திரும்ப எடுத்து வாறன் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டுதரம் போனைத் தொட்டாள். தொட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

அடுத்தநாள் காலை ரொறொன்ரோ அடித்தது. சாவு ஒன்றும் இல்லை, அதைவிட மோசம், இரஞ்சிதம். நித்தியானந்தனுக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். அக்காவோடு கதைக்கும்போது எழும்பி நின்றுதான் கதைப்பார். அன்றும் எழும்பி நின்றார். பவளம் குசினியில் காலைக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி நடக்குது? அந்தப் பிள்ளை அழுது குழறுறாள். சொந்தக்காரர் வீடிருக்க ஹோட்டலாம். ஆக்கள் என்ன கதைப்பினம்? உவளுக்கு என்ன பிடிச்சது?"

"அக்கா..."

"கொக்கா. ஆயிரம் பேரைக் கேட்டு நான் தேடித் தந்த ஒரு ஆள். அவளையும் பகைச்சாச்சு. இனி அந்த ஷங்காயில ஆரடா இருக்கினம் உனக்கு?"

பவளம் பைப்பைப் பூட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள். முப்பது வருசமாக இந்தக் குரலுக்கு அவர் என்ன சொல்லுவார் என்று அவளுக்குத் தெரியும். சரி அக்கா என்பார். கொப்பி மேசையில் திறந்தபடி கிடந்தது.

நித்தியானந்தன் தொண்டையைச் செருமினார்.

"பவளம் இருப்பா, அக்கா" என்றார். "முதல்நாளே ஆத்தங்கரையில இருப்பா. நானும் பக்கத்தில இருப்பன்."

பவளம் திரும்பப் பைப்பைத் திறந்து மிச்சக் கோப்பைகளைக் கழுவினாள். கண் சரியாகத் தெரியவில்லை, என்றாலும் கழுவி முடித்தாள்.