ஒல்லி சார்

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் பட்டறைக்குள் வந்தபோது செம்பக்கா குழாய் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெயிலில் தண்ணீர் காய்ச்சும் சோலார் பலகைக்குள் வரிசையாக ஓடும் செம்புக் குழாய்கள் அவை. ஓர் ஒட்டு விட்டுப்போனால் மொத்தப் பலகையும் வீண். அவள் தீயை அணைத்து, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"ஒண்ணுமில்லக்கா, ஒரு சின்ன விஷயம்" என்றாள் அந்தப் பெண். "முதலாளிய எல்லார் முன்னாடியும் 'டேய் ஒல்லி'ன்னு கூப்பிடுறீங்க. நேத்து ஹோட்டல்காரங்க வந்தப்பவும் கூப்பிட்டீங்க. சார்னு சொல்லிடுங்களேன். கம்பெனி பெருசாயிடுச்சில்ல?"

செம்பக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டே பேராக ஆரம்பித்த தொழில். ஒல்லி அவளைவிடச் சின்னவன், தகடு வெட்டுவான், கறுப்புச் சாயம் அடிப்பான். அவள் ஒட்டுவாள். முதல் பலகையைச் சீந்த ஆளில்லாமல் அவள் வீட்டு மொட்டைமாடியிலேயே ஏற்றினார்கள். குளிக்கப் போன அவள் புருஷன் முதுகு சிவக்க அலறிக்கொண்டு ஓடிவந்தான். "வேலை செய்யுதுக்கா, வேலை செய்யுது!" என்று ஒல்லி குதித்த குதியில் புருஷன் அவனை அடிக்கவே துரத்தினான். அப்புறம் மின்சாரக் கட்டணம் ஏறியது. புதுக் கட்டடமென்றால் மாடியில் சோலார் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆஸ்பத்திரி, விடுதி, சாயப்பட்டறை என்று ஆர்டர்கள் குவிந்தன. கொட்டகை கட்டடமாயிற்று. ஒல்லிக்குத் தொப்பை விழுந்தது. பெயர் மட்டும் ஒல்லியாகவே இருந்தது.

"இது அவன்... அவரு சொல்லி அனுப்பினதா?"

அந்தப் பெண் கேஸ் சிலிண்டரைப் பார்த்தாள். செம்பக்கா கறுப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

மறுவாரம் வெளியூர்க்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு ஒல்லி வந்தான். காற்றடைத்த குழாய்களைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்க்கும் இடத்தில் நின்று, கசிவே வராது என்று கை வீசிப் பேசிக்கொண்டிருந்தான்.

"வாங்க சார்" என்றாள் செம்பக்கா.

அவன் பேச்சு ஒரு கணம் தடுக்கி விழுந்தது. எழுப்பி நிறுத்தி மேலே தொடர்ந்தான்.

சாயங்காலம் தனியாக வந்தான். பட்டறையில் கூட வேலை செய்யும் பெண்கள் கை கழுவப் போயிருந்தார்கள்.

"கோவமாக்கா?"

"எதுக்கு சார்? சொன்னது நியாயந்தான். வர்றவங்க ஒரு மாதிரியாத்தான் பாப்பாங்க."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"தெரியும். நேரா என்கிட்டயே சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்ட எப்படிக்கா சொல்றது?"

 அவன் முகத்தில் பழைய பயம் தெரிந்தது, புருஷன் துரத்தியபோது இருந்த மாதிரியே. அப்போது அவள் குறுக்கே போய் நின்றாள். இப்போது குறுக்கே நிற்க என்ன இருக்கிறது என்று யோசித்தபடி கையுறையை உருவினாள். மனசு பெரிதாக வலிக்கவில்லை. ஒரு பல் விழுந்த இடத்தை நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் வாய் தவறவில்லை. ஆள் இருந்தாலும் சார்தான், இல்லாவிட்டாலும் சார்தான். சோறு ஆறிப்போகும், போய்ச் சாப்பிடுங்க சார் என்பாள். அவன் குழாய்களைத் தூக்கிப் பார்ப்பதுபோல் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். சோலார் பலகை செய்ய ஊரைச் சுற்றிப் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்திருந்தன. கை தேர்ந்த ஒட்டுக்காரர்களுக்கு எல்லோரும் வலைவீசிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க யாருமில்லையேக்கா. இப்பக் கூடவா சார்?" என்றான் ஒரு மத்தியானம்.

"பழகிடுச்சு சார்."

"பைபாஸ் ரோட்டுப் புதுக் கம்பெனிக்காரன் உன்ன வேலைக்குக் கூப்பிட்டானாமே?"

"கூப்பிட்டாங்க."

"போறியா?"

அவள் தீ மூட்டியைத் தட்டினாள். நீல நாக்கு சீறிக்கொண்டு நீண்டது.

"யோசிக்கிறேன் சார்."

 அவன் முற்றத்துக்குப் போனான். லாரிக்காகக் காத்திருந்த பலகைகள் வெயிலில் வரிசை வரிசையாகச் சாய்ந்திருந்தன. நடுவில் போய் நின்றவனின் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அதை எடுக்காமல், பின்னாலிருந்து 'டேய் ஒல்லி' என்று குரல் வருமா என்று காது கொடுத்து நின்றான். ஒற்றை மேகம் ஒரு கண்ணாடியிலிருந்து அடுத்த கண்ணாடிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு மெதுவாக ஏறிப் போய்க்கொண்டிருந்தது.