தலைவர் நாற்காலியின் தாகம்

குடியை விட்டவர்கள் கூடும் அந்த மாடி அறையில், தலைவர் நாற்காலியில் உட்காருகிறவருக்கு மற்ற எல்லோருடைய தாகமும் வந்து சேர்ந்துவிடும். மற்றவர்கள் மதுக்கடையைப் பலசரக்குக் கடை மாதிரி கடந்து போவார்கள்; நாற்காலிக்காரருக்கு மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருந்தார்கள். முறை முடிந்தவர் அடுத்த மாதம் டீ டம்ளர் கழுவுவார்.

லேத் பட்டறைக்காரரின் முறை வந்தபோது அந்த வழக்கம் கெட்டது. மனிதர் பதமாகப் பேசினார், அடுத்தவர் அழுதால் பொறுமையாகக் கேட்டார். அடுத்த மாதமும் இவரே இருக்கட்டும் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை, மரியாதை யாருக்குக் கசக்கும்? அப்படியே நான்கு வருஷம் ஓடியது. தெரிந்தேதான் செய்தார்கள், அதுதான் எரிச்சல். மற்றவர்கள் சதை போட்டார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள், நிம்மதியாகத் தூங்கினார்கள். டம்ளர் கழுவும் வேலை தையல்காரி ஒருத்தியின் தலையில் விழுந்தது. லேத்காரர் வீட்டிலோ குடம் குடமாகத் தண்ணீர் காலியானது. அவர் தொட்ட ஈரத்துணி நிழலிலேயே காய்ந்தது, அவர் பக்கத்தில் வைத்த பூச்செடி கருகியது. மனைவி இருமல் மருந்தைக்கூட ஒளித்து வைத்தாள். அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டாலே அவள் வாசலுக்கு ஓடி வருவாள்.

ஒரு சாயங்காலம் அவளே மாடியேறி வந்துவிட்டாள்.

"இவரு இனிமே குடிச்சா, உங்க எல்லாருக்கும் சேர்த்துக் குடிப்பாரு. அப்புறம் உயிரோட வரமாட்டாரு. யாராவது உட்காருங்களேன்!"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தையல்காரி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்கண்ணே."

"வேணாம்மா, நீ தாங்கமாட்ட."

"தனியா யாருதான் தாங்குவா? இத்தனை பேர் எதுக்கு இருக்கோம்?"

அவள் உட்கார்ந்ததும் உதடு வெடித்தது. கையிலிருந்த டம்ளர் தண்ணீர் ஆவியாகிப் போனது. அவள் கதறிய கதறலில் பாதிப் பேர் படிக்கட்டு வரை ஓடிவிட்டார்கள். பயம்தான், வேறென்ன. லேத்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஓடியவர்களும் வெட்கப்பட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். பொழுது விடியும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் குடிக்கவில்லை.

அதன்பின் முறையை வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டார்கள். தாகம் ஒரு சொட்டும் குறையவில்லை. குறையுமென்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. நாற்காலிக்காரரைத் தனியாக விடுவதில்லை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் டம்ளர் கழுவிய லேத்காரருக்கு மறுபடி முறை வந்தது. அவரே போய் உட்கார்ந்தார். அன்று அவரோடு ஆறு பேர் வீடுவரை நடந்தார்கள். மனைவி கூடத்தில் எல்லோருக்கும் பாய் விரித்தாள்.